பெரிய கொண்டைக் கோழி

ஷம்சுதீனுக்குக் கோழியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பிரியாணியோடு சரி. அதை மனுஷர் ஒத்துக்கொள்ள வேண்டுமே! ஃப்ளெமிங்டன் பக்கத்துப் பண்ணைக்குக் கோழி வாங்கப் போன அன்று, நியூஜெர்சியில் தன்னைத் தவிர யாருமே கோழியைக் கண்ணால் கண்டதில்லை என்பது போலத்தான் நடந்துகொண்டார்.

பண்ணைக்காரம்மா பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னாள். இங்கே குளிர்காலம் பொல்லாதது, வயண்டாட் சாதி வாங்கிக்கொள்ளுங்கள், உடம்பெல்லாம் இறகு, கொண்டையும் சின்னது, தலையோடு ஒட்டிக் கிடக்கும், பனியில் விறைக்காது என்றாள். மனைவி மெஹர் நிஷா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஷம்சுதீன் அந்தக் கோழிகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதென்ன, தலையில சூயிங்கம் ஒட்டின மாதிரி? நல்ல கோழின்னா கொண்டை பெருசா, செவப்பா, தளதளன்னு இருக்கணும். கொண்டை சுருங்கியிருந்தா சீக்குக் கோழி. அய்யம்பேட்டையில சின்னப் புள்ளைக்குக்கூட தெரியும்."

"இது அய்யம்பேட்டை இல்லீங்க. அந்தம்மாவுக்கு இதான் பொழைப்பு. சொன்னா கேளுங்களேன்."

கேட்பாரா? மெஹர் நிஷாவின் இஷ்டத்துக்கு இரண்டு வயண்டாட்டை விட்டுக்கொடுத்துவிட்டு, தன் பங்குக்கு ஒரு கறுப்பு மினோர்காவைப் பிடித்துக்கொண்டார். ஸ்பெயின் பக்கத்துச் சாதி, வெயிலுக்கென்றே பிறந்தது. கன்னங்கரேலென்று நெடுநெடுவென நின்றது. கொண்டை மட்டும் செக்கச்செவேலென்று பெருத்து, கனம் தாங்காமல் ஒரு கண்ணின் மேல் சாய்ந்து கிடந்தது. "இது கோழி!" என்றார். ஆறு வயது மகள் அஸ்ஃபியா அதற்கு ஆலிவ் என்று பெயர் வைத்து, வீடு வந்து சேரும்வரை அந்த அட்டைப்பெட்டியை மடியிலிருந்து இறக்கவேயில்லை.

அஸ்ஃபியா பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காத குழந்தை. டீச்சர் கவலைப்பட்டுப் பெற்றோர் இருவரையும் கூப்பிட்டுப் பேசும் அளவுக்கு அமைதி. அப்படிப்பட்டவள் ஆலிவிடம் மட்டும் ஓயாமல் பேசினாள். ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கினால் பையை எறிந்துவிட்டு நேரே கொல்லைக்குத்தான். அன்றைக்கு யார் தன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், யார் உட்காரவில்லை என்பதெல்லாம் அந்தக் கோழிக்குத்தான் முதலில் தெரியும். மெஹர் நிஷா சமையலறை ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துக்கொண்டு ஒட்டுக்கேட்பாள். கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ஜனவரியில் குளிர் வந்தது. வந்ததென்றால் சும்மா இல்லை, எலும்பைக் கடிக்கிற குளிர். ஷம்சுதீன் களத்தில் இறங்கிவிட்டார். பிள்ளை பெற்றவளைக் காதில் பஞ்சு வைத்து, கதவைச் சாத்தி அறைக்குள் வைத்துக் காக்கிற வம்சம் அல்லவா? அதே கவனிப்பைக் கோழிகளுக்கும் செய்தார். கூட்டின் உச்சியில் காற்றுப் போவதற்கென்று விட்டிருந்த துவாரங்களையெல்லாம் பிளாஸ்டிக் ஷீட் வைத்து, டேப் ஒட்டி, பொட்டுக் காற்று புகாமல் அடைத்தார்.

"மூச்சு முட்டாதாங்க?" என்றாள் மெஹர் நிஷா.

"குளுர்காத்து பட்டா அவ்ளோதான். நீ சும்மா இரு, நான் ரிசர்ச் பண்ணிட்டுத்தான் செய்யறேன்."

என்ன ரிசர்ச்சோ! சில நாளிலேயே கூட்டின் உட்சுவரெல்லாம் தண்ணீர் வழிந்தது. கோழி விட்ட மூச்சும் எச்சத்தின் ஈரமும் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, கோழிகளின் மேலேயே உறைந்தன. வயண்டாட் இரண்டும் ஏதோ சமாளித்துக்கொண்டன. ஆலிவின் கொண்டை நுனி வெளுத்தது, பிறகு கறுத்தது. சனிக்கிழமை காலையில் அது கூட்டின் மூலையில் வாயைப் பிளந்து, கர் கர்ரென்று மூச்சிழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பறவைக்குப் பார்க்கிற டாக்டர் ஒரு மணி நேரத் தொலைவில். வெளியிலோ முழங்காலளவு பனி, ரோட்டில் வண்டி ஓட்டக்கூடாதென்று போனில் எச்சரிக்கை வந்துகொண்டேயிருந்தது. டாக்டர் வீட்டிலிருந்தே போனில் பேசினார். குளிரைக் கோழி தாங்கும், ஈரத்தைத்தான் தாங்காது, துவாரத்தை ஏன் அடைத்தீர்கள் என்று கேட்டார். இந்த நிலைக்கு வந்தபின் பிழைப்பது கஷ்டம் என்றும் சொன்னார். ஷம்சுதீன் "ஓகே, ஓகே" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் கொல்லைக்கு ஓடி, ஒட்டிய டேப்பையெல்லாம் தானே பிய்த்துப் போட்டார்.

லாண்டரி ரூமில் டவலைச் சுற்றி ஆலிவைப் படுக்க வைத்தார்கள். ஷம்சுதீன் கொண்டைக்கு வாசெலின் தடவினார், சொட்டுச் சொட்டாகச் சர்க்கரைத் தண்ணீர் விட்டார். எல்லாம் அலகின் ஓரமாக வழிந்தது. உடம்பு மட்டும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டேயிருந்தது.

மெஹர் நிஷாவுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. "சாப்பிடறதுக்குச் சொல்லலைங்க. உசிரு இப்படி இழுத்துக்கிட்டுக் கெடக்க வேணாம். ஹலால் பண்ணிடுங்க."

அறை வாசலில் நின்ற அஸ்ஃபியாவின் காதில் அது விழுந்தது. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அத்தா! யூ கேன் டூ தட்? ப்ளீஸ், மேக் ஹெர் ஹலால்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குழந்தையைச் சொல்லிக் குற்றமில்லை. மிட்டாய் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து அம்மா "ஹலால்" என்றால் அது கூடையில் விழும். பர்த்டே பார்ட்டியில் "ஹலால்தான்" என்றால் பீட்சா தட்டுக்கு வரும். ஹலால் என்றால் நல்லது, பயமில்லை, எல்லாம் சரியாகிவிட்டது. அவள் அறிந்தது அவ்வளவுதான். கறி அவளுக்குத் தெரிந்து கடையில் தட்டில் வைத்து மேலே பிளாஸ்டிக் ஒட்டித்தான் வரும். அறுப்பதற்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தம் உண்டென்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

"நீங்க சொல்லுங்க," என்று மெஹர் நிஷா முணுமுணுத்தாள்.

"நீ சொல்லேன்."

சொல்ல யாருக்கு வாய் வரும்? அஸ்ஃபியாவே குனிந்து ஆலிவை டவலோடு தூக்கி அத்தாவின் கையில் வைத்தாள். கோழியின் காதருகே போய், "டோன்ட் பி ஸ்கேர்ட். அத்தா வில் மேக் யூ ஹலால்," என்று சொல்லி வேறு வைத்தாள்.

ஷம்சுதீன் கராஜுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சமையலறைக் கத்தியைக் கழுவி எடுத்து வந்திருந்தார். தொழுகிற திசை, கிப்லா, எந்தப் பக்கம் என்று போனில் பார்த்து, கார் டயருக்குப் பக்கத்தில் அட்டையை விரித்து உட்கார்ந்தார். நாற்பத்திரண்டு வயதுக்கு இதுவரை ஒரு கோழியின் கழுத்தில் கத்தி வைத்ததில்லை. ஊரில் கறிக்கடை பாய் அறுப்பார், இவர் பையை நீட்டுவார். "பிஸ்மில்லாஹ்" என்றார். கழுத்து இறகை விலக்கினார். ஆலிவ் ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "யா அல்லாஹ், என்னால முடியலையே," என்று வாய்விட்டு அழுதார்.

அறுக்கவும் முடியவில்லை, காப்பாற்றவும் முடியவில்லை. கோழியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியிலேயே அது ஒருமுறை கழுத்தை நீட்டி மடக்கியது. அதற்கப்புறம் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை.

கதவைத் திறந்தபோது அஸ்ஃபியா அங்கேயே காத்து நின்றாள். டவலுக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"ஷி ஸ்டாப்ட் ஷேக்கிங்! அம்மா, இட் வொர்க்ட்!" என்று கத்தினாள். அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு சத்தமாக அதுவரை கேட்டதில்லை. "தேங்க்யூ அத்தா" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டாள். மெஹர் நிஷா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

ஷம்சுதீன் மண்டியிட்டு உட்கார்ந்தார். மகள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை, டவலைப் பார்த்துத்தான் சொன்னார்.

"ஆலிவ் மவுத்தாயிட்டாம்மா. செத்துப்போயிட்டா."

அஸ்ஃபியாவுக்குப் புரியவில்லை. டவலைப் பார்த்தாள், அத்தாவைப் பார்த்தாள். குரல் பழையபடி உள்ளே போய்விட்டது.

"பட் யூ மேட் ஹெர் ஹலால்," என்றாள்.