நூற்று எண்பத்தைந்து பவுண்டு மணல்

1

"நூத்தி எம்பத்தஞ்சா? நீயா? உன் கல்யாணக் கோட்டே அதுக்கு மேல எடை இருக்கும்யா, கோர்டி!"

"மெதுவாப் பேசு, இலீன். எதிர் வீட்டம்மா வெளியில நிக்கறாங்க. எழுதிடுவாங்க."

"எழுதட்டும்! எடையைச் சரியா எழுதச் சொல்லு!"

இந்தக் கதை இப்படித்தான் தொடங்கியது. எதிர் வீட்டம்மா நான்தான். குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்க வெளியே வந்தேன். குப்பை வண்டி முந்தின நாளே வந்துபோய்விட்டது என்பது வேறு விஷயம். சண்டை, கோர்டி, இலீன் என்கிற ஸ்கிபா தம்பதியர் வீட்டுக் கார் நிறுத்தும் பாதையில், பட்டப்பகலில், காரின் இன்ஜின் மூடி திறந்து கிடக்க நடந்தது. கேட்டது என் குற்றம் அல்ல. எங்கள் தெரு குறுகல்.

பழைய காருக்கு ஸ்பிரிங் மாற்றுவதெல்லாம் ஒரு கதையா என்று திருச்சியிலிருக்கும் சிநேகிதி போனில் கேட்டாள். கதைதான். வேறு எழுதமாட்டேன். இறந்துபோனவர்களையும் மழையையும் எதிர்பார்ப்பவர்கள் அடுத்த பகுதிகளுக்கு வர வேண்டாம். அங்கே ஷாக் அப்சார்பர் இருக்கிறது.

2

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

"டெட்ராய்ட் நகரின் தென்புறத்தில், நதியோரம், மேப்பிள் இலைகள் சிவந்து" (நிறுத்தினேன். சண்டை நடந்தது ஜூனில். ஜூனில் எந்த மேப்பிள் சிவக்கிறது?)

"காயம்பட்ட மிருகம்போல உறுமியபடி அந்தக் கார்" (வேண்டாம். அது கார். உறுமுவது கோர்டி.)

"இலீனுக்கு அறுபத்திரண்டு வயது, எடை நூற்று அறுபது பவு" (இது ஏன் பாதியில் நின்றது என்று பிறகு சொல்கிறேன்.)

காரைச் சொல்லிவிடுகிறேன். எழுபதாம் வருஷத்து வண்டி. இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், நீள மூக்கு.* நேர் சாலையில் அம்பு. வளைவு வந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பரிசலில் எழுந்து நின்றவன்போலத் தள்ளாடும். அந்தக் காலத்தில் இன்ஜினைச் செய்து முடித்ததுமே எல்லோருக்கும் ஆசை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. கீழே தாங்குவதற்கு அகப்பட்டதை மாட்டி அனுப்பிவிட்டார்கள். டவுன் பஸ்ஸின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து வேகத்தடையைத் தாண்டியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

* கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன். இந்த ஊரில் ஒரு கம்பெனியைச் சொன்னால் மற்றக் கம்பெனிகளின் ஓய்வூதியக்காரர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். இருக்கிற வாசகர்களே கொஞ்சம்.

கார் இலீனுடையது. கல்யாணத்துக்கு முன், தகடு அடிக்கும் ஆலையில் வேலை பார்த்த சம்பளத்தில் அவளே வாங்கியது. பிறகு பள்ளிப் பேருந்து ஓட்டினாள். பனிச்சறுக்கலில், பின்னால் நாற்பது பிள்ளைகள் கூச்சல் போட, ஒரு தபால் பெட்டியைக்கூட இடிக்காமல் ஓய்வு பெற்றவள். ஆனால் சொந்தக் காரில் கல்யாணத்தன்று மாறி உட்கார்ந்த வலது இருக்கைதான் அவள் இடம். இங்கே ஓட்டுவது இடது இருக்கையிலிருந்து. அதில் கோர்டி. ஆகஸ்டு மாதம் உட்வர்ட் சாலையில் பழைய கார்கள் ஊர்வலம் போகும்போது, கோர்டி ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு ஊரைப் பார்ப்பான். இலீன் மடியில் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு கோர்டியின் முழங்கையைப் பார்ப்பாள்.

ஓய்வு பெற்ற அன்று பள்ளிக்கூடம் அவளுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. அதை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "இந்த வண்டியை வளைவுல திருப்பப் போறேன். நானே."

கதையில் பணயம் இதுதான். இலீன் தன் காரை ஓட்டுவாளா, மாட்டாளா. வேறு ரகசியம் எதுவும் ஒளித்து வைக்கவில்லை.

3

எதை மாற்றுவது என்பதில் ஆளுக்கொரு கட்சி. பேச்சு நடந்தது இலீனின் சமையலறையில். நான் சர்க்கரை கடன் வாங்கப் போயிருந்தேன். (என் வீட்டில் சர்க்கரை இருந்தது.)

முதல் கட்சி ராஸலிண்ட். பழைய கார் சங்கத்தின் நடுவர், கைம்பெண். கைப்பிடி வைத்த கண்ணாடியைக் காருக்கு அடியில் நீட்டி, போல்ட் ஒன்று மாறியிருந்தாலும் மதிப்பெண்ணைக் குறைப்பவள். விருந்துக்கு வந்தாலும் அந்தக் கண்ணாடி கைப்பையில் இருக்கும்.

"பழுதான ஸ்பிரிங்கை எடுத்துட்டு அதே மாதிரி ஸ்பிரிங்கைப் போடுங்க. போதும். அந்த போல்ட்டுல ஆலையில அடிச்ச பெயின்ட் இன்னும் இருக்கு. அதைக் கழட்டினீங்கன்னா நான் துக்கம் காப்பேன், சொல்லிட்டேன்."

இரண்டாவது கட்சி கோர்டி. "முன்னாடி தாழ்த்தணும், பின்னாடி தூக்கணும். அவ்வளவுதான். தெருவுல போனா நாலு பேர் திரும்பணும்."

"திரும்ப வேண்டியது கார்," என்றாள் இலீன்.

அவள் கட்சி மூன்றாவது. குளிர்காலம் முழுக்கக் கேட்லாக் படித்திருந்தாள். முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் தடித்த குறுக்குக் கம்பி, வளைவில் வண்டி சாயாமலிருக்க. ஒரு குதி குதித்ததும் அடங்கிவிடுகிற ஷாக். பின்னால் லாரிபோலப் பட்டை ஸ்பிரிங்தான், ஆனால் விறைப்பானது. முன்னால், திருகினால் உயரம் ஏறி இறங்குகிற புதுவகை ஸ்பிரிங். ஊர்வலத்துக்காக அல்ல. மூடிப்போன ஷாப்பிங் மாலின் கார் நிறுத்துமிடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரஞ்சுக் கூம்புகளை நட்டு, அவற்றின் நடுவே வளைத்து வளைத்து ஓட்டுகிறார்களே, அதற்காக.

"கூம்புக்கு நடுவுலயா? நீயா?" என்றான் கோர்டி.

"பேருந்தை ஓட்டினவடா நான். எனக்குக் கூம்பு பெரிசா?"

அவள் 'டா' போட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள். உயரத்தைத் திருகி மாற்றலாம் என்பது கோர்டிக்கும் பிடித்துப்போயிற்று; ஊர்வலத்துக்குத் தாழ்த்திக்கொள்ளலாமே. ராஸலிண்ட் மட்டும் சர்க்கரை போடாமல் காப்பியைக் குடித்து எதிர்ப்பைத் தெரிவித்தாள்.

வேலை மார்வின் பட்டறைக்குப் போயிற்று. மார்வ், கோர்டியின் பள்ளித் தோழன், மனைவி விட்டுப்போனவன். ஸ்பிரிங்கை மாட்டினால் மட்டும் போதாதாம். நான்கு சக்கரத்துக்கும் அடியில் தராசு வைத்து, ஓட்டுகிறவரின் எடைக்கு மணல் மூட்டைகளை இருக்கையில் ஏற்றி, எல்லாப் பக்கமும் சமமாகும்வரை திருகவேண்டும். இல்லாவிட்டால் இடப்பக்கம் திரும்பினால் ஒரு குணம், வலப்பக்கம் திரும்பினால் இன்னொரு குணம்.

அன்று இலீன் பல் மருத்துவரிடம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தாள். மார்வ் கோர்டியிடம் கேட்டிருக்கிறான்.

"யார்ரா ஓட்டப்போறது?"

"நான்தான்."

"எடை?"

"நூத்தி எம்பத்தஞ்சு."

"வலது சீட்டுக்கும் மூட்டை வைக்கவா?"

"அங்க யாரும் கணக்குல இல்ல."

மார்வுக்குக் கண் இல்லையா என்று கேட்பீர்கள். கோர்டி இருநூற்று நாற்பதுக்குக் குறையமாட்டான் என்பது என் ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும். ஆனால் எங்கள் ஊரில் ஒருவன் சொன்ன எடையைச் சந்தேகிப்பது, அவன் பிடித்த மீனின் நீளத்தைச் சந்தேகிப்பதற்குச் சமம். மார்வ் சொன்னபடியே மணலை ஏற்றினான்.

4

இங்கே எழுதுவதை நிறுத்தி இரண்டு நாள் யோசித்தேன். கோர்டியை ரொம்பக் கெட்டவனாக்கிவிட்டேனோ?

பனி கொட்டிய காலைகளில் என் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறவன் அவன்தான். கூம்புப் பந்தயத்தில் ஓட்டுநர் தனியாகப் போவதுதான் வழக்கம். ஆகவே வலது சீட்டில் யாரும் இல்லை என்று அவன் சொன்னது சட்டப்படி சரி. "கோர்டி உண்மையில் தன் மனைவியை மிகவும்" (இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். நேசித்தானா என்பதை அவன் சொல்லட்டும். அவனுக்கு வாய் இருக்கிறது, தெருவுக்கே தெரியும்.)

முதல் ஞாயிறு கோர்டிதான் ஓட்டினான். "பழகிட்டுத் தரேன்" என்றானாம். வலப்பக்க வளைவுகளில் ஒழுங்காகப் போன கார், இடப்பக்கம் திருப்பியதும் மூக்கை வேறு பக்கம் நீட்டியது. வரிசையாகக் கூம்புகள் விழுந்தன. ஒன்று காருக்கு அடியில் மாட்டிக்கொண்டு முடிவுக்கோடுவரை கூடவே வந்தது. அதைத் தன் கண்ணாடியை நீட்டிக் கண்டுபிடித்தவள் ராஸலிண்ட். அவள் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சியை நான் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து மார்வ் அளவு நாடாவோடு ஸ்கிபா வீட்டுக்கு வந்தான். இனி நீங்கள் முதல் பகுதியில் கேட்ட சண்டை.

"ஸ்பிரிங்கு மட்டம். அவ கேட்லாக்குல படம் பாத்து வாங்கினது," என்றான் கோர்டி.

மார்வ் குனிந்து பார்த்தான். "ஸ்பிரிங்கு நல்லாத்தான் இருக்கு. நீ ஏறி உக்காந்தா இடது முன்பக்கம் உள்ள போயிடுது. நீ சொன்ன நூத்தி எம்பத்தஞ்சுக்குத்தானே நான் திருகினேன்? வலது சீட்டுல யாரும் கணக்குல இல்லன்னும் நீதானே சொன்னே?"

அப்போதுதான் இலீன் கல்யாணக் கோட்டைப் பற்றிச் சொன்னது, கோர்டி என்னைப் பற்றிச் சொன்னது, எல்லாம். அத்தோடு நிற்கவில்லை. அவனை விலக்கிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள்.

"மார்வ், அளந்து பாரு."

மார்வ் முன் சக்கரங்களுக்கு மேலே இருக்கும் இடைவெளி இரண்டையும் அளந்தான். தலையைச் சொறிந்தான். மறுபடியும் அளந்தான். "ரெண்டு பக்கமும் சமமா நிக்குதே!"

"நிக்காதா? என் எடை நூத்தி எம்பத்தி நாலு!"

ஜன்னலிலிருந்து தலையை வெளியே நீட்டி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். இரண்டு வீடு தள்ளிப் புல்வெட்டும் இயந்திரம் ஒன்று நின்றது. இந்த ஊரில் பெண்கள் வயதைச் சொல்வார்கள், அறுவை சிகிச்சையைச் சொல்வார்கள், மருமகள் செய்ததைச் சொல்வார்கள்; எடையை மருத்துவரிடம்கூட முணுமுணுப்பார்கள். என் பக்கம் திரும்பி இன்னொரு தடவையும் சொன்னாள்.

"நூத்தி எம்பத்தி நாலு. எழுதிக்கிட்டீங்களா?"

மூன்றாவது தொடக்கம் இதனால்தான் பாதியில் நின்றது. நூற்று அறுபது என்று மரியாதைக்காகக் குறைத்து எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். கோர்டி மணலில் செய்ததை நான் மையில் செய்யமாட்டேன்.

மார்வுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கோர்டி, உன் பொண்டாட்டிக்குன்னே அளவெடுத்துக் குடுத்த மாதிரி இருக்குடா."

"சரி சரி, எனக்குத் தகுந்த மாதிரி மாத்தித் திருகு."

"திருகினே, அந்தத் திருகியைப் பிடுங்கி ஆத்துல போட்டுடுவேன்," என்றாள் இலீன். சாவியை எடுத்துத் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

5

அடுத்த ஞாயிறு. மடக்கு நாற்காலி, குளிர்பானம், தொலைநோக்கியோடு நான் வேலி ஓரத்தில். (பறவைகள் பார்ப்பதற்காக.)

முடிவுகள் கைவசம் மூன்று இருக்கின்றன.

(அ) இலீன் எல்லோரையும் வென்றாள். எழுதிப் பார்த்தேன், சோப்பு விளம்பரம்போல இருந்தது.

(ஆ) இலீன் கோர்டியைவிட அதிகக் கூம்புகளைச் சாய்த்தாள், இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். சிநேகிதிக்கு இது பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பெண் கடைசியில் ஓட்ட உட்கார்ந்தால் ஏன் எதையாவது இடித்துக் காட்டவேண்டும்?

(இ) கோர்டி கண்கலங்கி மன்னிப்பு (போதும்.)

நான் பார்த்ததைச் சொல்கிறேன். புறப்படும் கோட்டில் கோர்டி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வலது கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான்.

"இறங்கு," என்றாள் இலீன்.

"கூட வரேன், அவ்வளவுதான். புதுசா ஓட்டறவங்களுக்கு ஒரு ஆள் கூட உக்காரலாம்னு சொல்றாங்க."

"அந்த சீட்டுக்கு மூட்டை வைக்கல. நீ கணக்குல இல்ல."

கோர்டி இறங்கினான். கதவை மெதுவாகத்தான் சாத்தினான். அதையும் எழுதிவிடுகிறேன், நியாயம் வேண்டுமல்லவா.

கார் கிளம்பியது. கோர்டி கூம்புகளைச் சாய்த்த அந்த இடப்பக்க வளைவில் மூக்கு சாயவில்லை. முதல் கூம்பு நின்றது. அடுத்ததும் நின்றது. மார்வ் தொப்பியைக் கழற்றினான். போல்ட்டுக்காகத் துக்கம் காக்கவேண்டிய ராஸலிண்ட் வேலியைப் பிடித்துக்கொண்டு, "திருப்பு, திருப்பு, திருப்பு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முடிவுக்கோடு வந்தது. இலீன் நிற்கவில்லை. நேரத்தைச் சொல்லும் பலகையைத் தாண்டி, வாயிற்கதவைத் தாண்டி, நெடுஞ்சாலையில் ஏறி, போயே போய்விட்டாள்.

கடிகாரம் என்ன காட்டியது என்று கேட்காதீர்கள். எல்லோரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஹாட் டாக் விற்றவனும்தான்.

இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தாள். என்னைப்போல ஒருத்தி கேட்காமல் இருப்பாளா?

"எங்க போனே, இலீன்?"

"வளைவு தேடிக்கிட்டு. இந்த மாநிலத்துல ஒரு ரோடு ஒழுங்காத் திரும்புதா? எவனோ அடிக்கோல் வச்சுக் கிழிச்சிருக்கான்."

"கோர்டி என்ன சொன்னாரு?"

"பசிக்குதுன்னாரு. ரொட்டி இருக்கு, வெண்ணெய் இருக்குன்னேன்."

6

மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. மார்வும் ராஸலிண்டும் அந்த இலையுதிர் காலத்திலேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். பழசைக் கழற்றுகிறவனும், கழற்றினால் மதிப்பெண்ணைக் குறைக்கிறவளும். தேவாலயத்தில் அவள் கைப்பையைத் திறந்தபோது கண்ணாடியை எடுத்து அவனுக்கு அடியில் பார்க்கப்போகிறாள் என்று மொத்தப் பேரும் மூச்சைப் பிடித்தோம். கைக்குட்டைதான்.

ஸ்கிபா தம்பதியர் மறுவருஷம் வீட்டை விற்றுவிட்டு ஒஹாயோவின் தென்கோடிக்குப் போய்விட்டார்கள். அங்கே மலை இருக்கிறது. சாலை நேராகப் போக முடியாது. வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தது இலீன். சேர்ந்துதான் போனார்கள். பிரிந்துவிடுவார்கள் என்று நான் பந்தயம் கட்டியிருந்தேன். மார்வுக்கு ஒரு பெட்டி பியர் வாங்கிக் கொடுக்கவேண்டி வந்தது. அவர்கள் வீட்டில் இப்போது இருப்பவர்களிடம் சத்தமே போடாத மின்சாரக் கார். அவர்களும் சத்தமே போடுவதில்லை. எனக்கு எழுத ஒன்றுமில்லை.

போன வாரம் இலீன் போனில் ஒரு படம் அனுப்பினாள். மலைப்பாதை, இடப்பக்க வளைவு, எதிரே வருகிறது கார். முன்கண்ணாடியில் வெயில் அடிப்பதால் ஓட்டுவது யார் என்று தெரியவில்லை. கூடவே ஒரு வரி: "எடையைச் சரியா எழுதினீங்களா?"

எழுதிவிட்டேன். முடிவை எழுத மாட்டேன். கோர்டி அவளுக்குத் தெரியாமல் தனக்குத் தகுந்தபடி திருகிக்கொண்டானா, இலீன் அவனுக்கும் வலது சீட்டில் மூட்டை வைக்கச் சொன்னாளா, படத்தை எடுத்தது யார், எதையும் நான் கேட்கவில்லை. நம்பாவிட்டால் போங்கள், வாழ்க்கையில் ஒரு தடவை நானும் கேட்காமல் இருக்கக்கூடாதா?

ஒன்று மட்டும் சொல்கிறேன். படத்தைப் பெரிதாக்கி, முன் சக்கரங்கள் இரண்டுக்கும் மேலே இருக்கும் இடைவெளியை அடிக்கோல் வைத்து அளந்தேன். கோர்டி உட்கார்ந்தால் ஒரு பக்கம் உள்ளே போகும் என்பது உங்களுக்கும் தெரியும்.

அளந்துவிட்டுத்தான் இந்தக் கதைக்கு உட்கார்ந்தேன்.