அணைத்து வைக்காத போன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கணினியின் கர்னலைப் பற்றிய கையேடு ஒன்றில் படித்த ஒரு வாக்குறுதியிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. கணினியை உள்ளிருந்து நடத்தும் நிரல், கர்னல். அவசரத்தில் சில வேலைகளை வரிசையில் போட்டுவைத்து அப்புறம் செய்யும். அப்படித் தள்ளிப்போட்ட ஒரே வேலை, ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் ஓடாது. அதுதான் வாக்குறுதி.

'உத்திரமேரூரில் மழை பிடித்துக்கொண்ட அன்று…' என்று தொடங்கினேன். வேண்டாம். அன்று நல்ல வெயில்.

2

ஷாரோன் உத்திரமேரூரில் ஒரு மாடியறையில் தனியாக இருந்தாள். பால் குளிரூட்டும் நிலையத்தில் கரண்ட் போனால் ஆபரேட்டருக்குப் போன் செய்யும் அலாரம் பெட்டிக்கு நிரல் எழுதும் வேலை. கூட வேலை செய்பவர்கள் திரையில் கட்டங்களாக வருவார்கள், மறைவார்கள். (ஒரு தோழியைக் கொடுத்துப் பார்த்தேன். தோழி இருந்தால் இவள் வண்டியை எடுத்திருக்க மாட்டாள். அடித்துவிட்டேன்.)

ஏப்ரலில் ஒரு நண்பகல், திருப்புலிவனம் பக்கத்துத் தனியார் நிலையத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் எடுக்கவில்லை. இரண்டாயிரம் லிட்டர் பால் கெட்டது. சாப்பிட வீட்டுக்குப் போயிருந்த ஆபரேட்டர் வேதகிரி போனை அணைத்து வைத்துவிட்டார் என்று வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

ஜூனில்தான் ஷாரோன் கண்டுபிடித்தாள். கரண்ட் போன செய்தி ஒரு வேலை. ஜெனரேட்டர் செய்தி வேறொரு வேலை. கர்னலின் உறுதி ஒரே வேலைக்குத்தான், இரண்டுக்கு இல்லை. ஒன்று முடியுமுன் மற்றது ஓடி, அதே இடத்தில் எழுதி, வேதகிரியின் போன் எண் கலைந்து, அழைப்பே போகவில்லை. ஒன்று முடியும்வரை மற்றதை நிறுத்திவைக்கும் ஒரு பூட்டு போட்டிருந்தால் போதும். போடாதவள் அவள்தான்.

"திருத்தியாச்சுல்ல, விடுங்க," என்றார் மேலாளர். வேறு யாரிடம் சொல்வது? வண்டியை எடுத்துக்கொண்டு வேதகிரியைத் தேடிப் போனாள்.

3

வேதகிரி கடலைக்கொல்லையில் கூலிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த அலாரம் பொட்டிக்கு எழுதுனது நான்தாங்க. உங்க போனு ஆன்லதான் இருந்துச்சு. தப்பு என்னுது."

அவர் களைக்கொத்தைக் கீழே போட்டார். "இன்னா ஆச்சு? முழுசா சொல்லு."

வெயிலில் நின்று சொன்னாள். தன் வேலையைப் பற்றி அவளிடம் ஒருவர் இவ்வளவு நேரம் காதுகொடுத்துக் கேட்டது அதுவே முதல்முறை.

"ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கவே இல்லியா?"

"இல்லீங்க."

"நானே ஆஃப் பண்ட்டனோன்னு நெனச்சிக்கினு கீறேன் இத்தினி நாளா."

தப்பு தன்னுடையது என்று ஆபீசுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதத்தை நீட்டினாள்.

"ஒன் வேல போயிடுமேம்மா?"

"போவட்டுங்க."

"ஆபீஸு அப்பறம். மொதல்ல வூட்டாண்ட வந்து செங்கேணிகிட்ட சொல்லு. எம் பொண்டாட்டியே நம்பல."

4

வேதகிரிக்கு வேலை திரும்பக் கிடைத்ததாக ஒரு முடிவு எழுதினேன். ஷாரோனுக்கு வேலை போனதாக இன்னொன்று. இரண்டையும் என்னால் நம்ப முடியவில்லை.

செங்கேணி கடைசிவரை கேட்டாள் என்பது தெரியும். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். ஷாரோன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அது அவர்கள் இருவருக்கும் உரிய பேச்சு. அதனால் எனக்கும் கேட்கவில்லை.

செங்கேணி என்ன சொல்லியிருப்பாள்? உங்கள் வீட்டில் யாராவது உங்களை நம்பாமல் இருந்திருந்தால், நீங்கள் சொல்லுங்கள்.