பட்டியில் அடைக்கப்பட்ட கவிதை

1374ஆம் ஆண்டு நவம்பர் பன்னிரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, தூறல் விட்டு மேல்காற்று வீசிக்கொண்டிருந்த வேளையில், ஹேசல்கூம் பண்ணையின் காரியக்காரர் ரானுல்ஃப் ஒரு கவிதையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஆட்டுப்பட்டியில் அடைத்தார். முந்தின வாரம் இறந்துபோன உழவன் ஆஸ்பெர்னின் வீட்டிலிருந்து அது எடுக்கப்பட்டது. பண்ணையின் அடிமைக்குடியில் ஒருவன் இறந்தால், அவன் வீட்டின் சிறந்த கால்நடை பண்ணைக்குச் சொந்தக்காரரான சீமாட்டியைச் சேரும். ஆஸ்பெர்ன் வீட்டில் கோழிகூட இல்லை. நிலைக்கு மேலே ஆணியில் தொங்கிய ஆட்டுத்தோல் ஏடு ஒன்றுதான் அங்கே ரோமத்தோடு இருந்தது. "ஒண்ணுமில்லாத வீட்ல இதையும் ஓட்டிட்டுப் போறீங்களே, நல்லாயிருப்பீங்களா?" என்றாள் விதவை ஹாவிஸ். "எங்க ஓட்டுனேன்? சுமந்துகிட்டுல்ல போறேன்" என்றார் ரானுல்ஃப்.

கவிதையை எழுதியவன் ஆஸ்பெர்ன்-ஹாவிஸ் தம்பதியின் மகன் ஹேமோ. அடிமைக்குடிப் பிள்ளை பள்ளிக்குப் போவதற்குச் சீமாட்டியின் அனுமதி வேண்டும். ஆஸ்பெர்ன் ஓர் அறுவடைக்காலம் முழுவதும் கூடுதலாகக் கதிரறுத்து அதைப் பெற்றிருந்தான். ஆற்றங்கரை மடத்துப் பள்ளியில் ஹேமோ பிரம்படியோடு லத்தீன் கற்றான். ஆங்கிலம் அங்கே தொழுவத்துப் பேச்சு. வாய்தவறி வந்தால் அதற்குத் தனி அடி. பதினாறாம் வயதில், வீட்டு நினைவு தாளாமல், வெட்டி எறிந்த தோல்துண்டொன்றில் மழையைப் பற்றி ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினான். விடிந்து பார்த்தபோது அதில் ரோமம் முளைத்திருந்தது. கத்தரித்த பிறகே படிக்க முடிந்தது. லத்தீனில் எழுதியவையெல்லாம் வழுக்கையாகவே இருந்தன. துயரப் பாட்டுக்கு வெள்ளை ரோமமும் வசைப் பாட்டுக்குக் கறுப்பு ரோமமும் வளர்ந்தன. காதல் பாட்டில் சிக்கு அதிகம். மடத்துத் தலைவர் விசாரணை நடத்தி, ரோமம் தரமானதுதான் என்று முடிவுக்கு வந்து, வாரத்தில் ஒரு மாலையை ஆங்கிலத்துக்கு ஒதுக்கினார். சில ஆண்டுகளில் ஹேமோவுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் மேற்படிப்புக்கு இடமும் பேசி வைத்தார். தந்தை படுத்த படுக்கையானபோது ஹேமோ எழுதி அனுப்பிய நீண்ட கவிதைதான் நிலைக்கு மேலே தொங்கியது.

ஹாவிஸ் பண்ணை மன்றத்தில் முறையிட்டாள். ஊரார் பன்னிருவர் கூடி, கவிதையைத் தடவியும் நனைத்தும் பார்த்தார்கள். "நனைஞ்சா ஆட்டு நாத்தம் வருது. கத்தரிச்சா திரும்ப மொளைக்குது. கத்தலைங்கிறது ஒண்ணுதான் கொறை" என்றான் மாவுமில்காரன். "எம் பொண்டாட்டியோட ஒப்பிட்டா அது கொறையே இல்ல" என்றான் தச்சன். கவிதை ஆடே என்று மன்றம் தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பிலிருந்துதான் ரானுல்ஃபுக்கு யோசனை பிறந்தது. புல்லும் வேண்டாம், இடையனும் வேண்டாம். மையும் தோலும் இருந்தால் மந்தை பெருகும். அவர் ஹேமோவின் பள்ளி அனுமதியை ரத்துசெய்து, அவனை ஊருக்கு வரவழைத்து, ரோமக் கொட்டகையில் மேசை போட்டு உட்காரவைத்தார். சட்டப்படி அவன் பண்ணைக்குச் சொந்தம். பண்ணை விடுவித்தாலன்றி ஆக்ஸ்ஃபோர்டு இல்லை. ஈஸ்டருக்குள் வராவிட்டால் இடம் வேறொருவனுக்குப் போய்விடும் என்று மடத்திலிருந்து சொல்லியனுப்பியிருந்தார்கள். ஒரு வரியில் ரோமம் முளைத்தாலும் சாகும்வரை இந்தக் கொட்டகைதான் என்பது ஹேமோவுக்கு முதல் நாளே விளங்கிவிட்டது.

குளிர்காலம் முழுவதும் அவன் சளைக்காமல் எழுதினான். ரானுல்ஃப் எதிரில் அமர்ந்து, பேனா ஓடுவதைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. தோல்கள் அடுக்கடுக்காக நிரம்பின. ஒன்றிலும் பூனைமுடி அளவுகூட முளைக்கவில்லை. அவர் அவற்றை அடுப்பருகே வைத்தார்; ஆடுகளுக்கிடையே கிடத்தினார்; பிறகு பாதிரியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிக்கச் செய்தார். "டேய், ஒழுங்கா மனசு வெச்சு எழுதுறியாடா?" என்று கேட்டார். "மனசு வெச்சுத்தான் எழுதுறேனுங்க" என்றான் ஹேமோ. அது பொய்யன்று.

மார்ச் இறுதியில் பெட்ரனெல்லா சீமாட்டி பண்ணையைப் பார்வையிட வந்தார். கணவர் இறந்த பின் பண்ணையைத் தாமே நடத்துபவர். லத்தீன் ஜெபநூலைத் தினமும் படிப்பவர். வழுக்கைத் தோல் ஒன்றைக் கையிலெடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, நிதானமாகப் படித்தார். பள்ளியில் சிறுவர்களுக்குக் கொடுக்கும் லத்தீன் பயிற்சி வாக்கியங்கள் அதில் வரிசையாக இருந்தன: எனக்குத் தலை வலிக்கிறது; இன்று மீன் கெட்டுப்போயிற்று; என் எசமானரின் கழுதைக்குப் படிக்கத் தெரியாது.

"இது என்னன்னு தெரியுமா, ரானுல்ஃப்?"

"கவிதைங்கம்மா. கிட்டவே உக்காந்து பாத்தேன்."

சீமாட்டி அந்தக் கழுதை வரியை இன்னொரு முறை படித்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை. பிறகு ஹேமோவைப் பார்த்தார்.

"நீ இங்கயே இருந்தா, பத்து வருஷம் கழிச்சும் இப்படித்தான் எழுதுவியாப்பா?"

ஹேமோ தலை குனிந்தான். "இங்க இருந்தா இதாங்கம்மா வரும்."

சீமாட்டி தோலை மடித்துத் தம் கைப்பையில் வைத்துக்கொண்டார். "ரோமமும் இல்ல, ஏர் பிடிக்கவும் தெரியல. இவனுக்கு எதுக்கு நாம கஞ்சி ஊத்தணும்? அவங்கம்மாவுக்கு அந்தப் பாட்டையும் திருப்பிக் குடுத்துரு. பட்டியில வெச்சா பேன் விழும்" என்றார்.

விடுதலைப் பத்திரம் எழுத ஒரு நாள் ஆயிற்று. மறுநாள் நண்பகல், நல்ல வெயிலில், ரானுல்ஃப் அதைக் கொட்டகை வாசலுக்குக் கொண்டுவந்தார். கீழே சீமாட்டியின் கையொப்பமும் பச்சை மெழுகு முத்திரையும் இருந்தன. ஹேமோ மேசையை விட்டெழுந்து வாசலுக்கு வந்தான். ரானுல்ஃப் அவனை ஏற இறங்கப் பார்த்தார். குளிர்காலம் முழுவதும் எதிரெதிரே உட்கார்ந்திருந்ததில் கோபம் தேய்ந்துவிட்டது போலும். "அங்க போய் எப்படியும் எழுதத்தானே போற? அடுத்த குளிருக்குள்ள எனக்கும் நீளமா ஒண்ணு எழுதி அனுப்பு. ரெண்டு காலுக்கும் சுத்திக்க வரணும்" என்று சொல்லிவிட்டு, பத்திரத்தை அவன் கையில் கொடுத்தார்.