கறுப்பு மை தடவிய கார்டு

ஆத்தா இறந்துவிட்டதாகக் கார்டு எழுதியவன் நான்தான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவள் அன்று விடியற்காலையில் பேச்சு மூச்சில்லாமல் போனாள். வைத்தியர் கையைப் பிடித்துப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். கட்டுமாவடியிலிருந்து தபால் பை போவது காலை எட்டு மணி பஸ்ஸில். அதை விட்டால் மறுநாள்தான். அதனால் அழுவதற்கு முன்னால் கார்டைத் தேடினேன். குடுமியான்மலையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் தங்கச்சி செவந்திக்கு நாலு வரி எழுதி, நாலு மூலையிலும் கறுப்பு மை தடவி, ஓடிப்போய்ப் பையில் சேர்த்தேன். எதிலும் அவசரக்குடுக்கை என்று ஆத்தா என்னைத் திட்டுவது வழக்கம்.

ஒன்பது மணிக்குக் குளிப்பாட்ட ஆரம்பித்தார்கள். மூன்றாவது குடம் தண்ணீரில் ஆத்தா இருமினாள். "எதுக்கு இம்புட்டுத் தண்ணிய ஊத்துறீங்க? குளுருது" என்றாள். ஊற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு முத்துமாரியம்மாள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடியவள் கடற்கரையில் போய்த்தான் நின்றாளாம். சற்று நேரத்தில் ஆத்தா அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தாள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அழுது முடிப்பதற்குள் கார்டு ஞாபகம் வந்துவிட்டது.

செவந்திக்கு அப்போது எட்டு மாதம். முன்னால் இரண்டு தங்கவில்லை. வண்டியில் குலுங்கக் கூடாது என்று மருத்துவச்சி சொன்னதால் தாய்வீட்டுக்குக்கூட அழைத்து வராமல் அங்கேயே விட்டிருந்தோம். அப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்தவளுக்குத்தான் நான் இந்தக் கார்டை அனுப்பியிருந்தேன்.

நான் வேலை பார்த்த கருவாட்டுக் கடை முதலாளி சேக் அலாவுதீனிடம் ஓடினேன்.

"தந்தி குடுத்துரலாமே அடைக்கலம்?"

"தந்தின்னு சேவகன் கூப்புட்டாலே செவந்தி விழுந்துரும் மொதலாளி. உள்ள என்ன எழுதியிருக்குன்னு படிக்கிற வரைக்கும் யாரு பொறுத்திருப்பா?"

அவர் உள்ளே போய்த் தன்னுடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "கார்டு நாளைக்கு மத்தியானத்துக்கு மேலதான் அங்க போய்ச் சேரும். இன்னிக்கு இனிமே பஸ்ஸு இல்ல. ஐம்பது மைலு. ஆனா இது ஆடிக் காத்து. மேக்கேருந்து அடிக்குது, நீ போறதும் மேக்கதான். குனிஞ்சு மிதி."

குனிந்துதான் மிதித்தேன். அறந்தாங்கி வரைக்கும் தென்னையும் பனையும் கொஞ்சம் மறைத்தன. அப்படியிருந்தும் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே இருந்தது. இறக்கத்தில்கூட மிதித்தால்தான் சக்கரம் உருண்டது. பாதித் தூரம் இறங்கித் தள்ளியே போனேன். பொழுது சாயும் நேரத்தில், அறந்தாங்கிக்கு நாலு மைல் இருக்கும்போது செயின் அறுந்தது. தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் சைக்கிள் கடையைச் சாத்திவிட்டார்கள். கடை வாசலிலேயே படுத்து, விடிந்ததும் செயினை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

புதுக்கோட்டையில் டீ குடிக்க இறங்கினபோது மணி பத்தரை. டீக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "கேதஞ் சொல்லப் போறீங்களா தம்பி?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை வாங்கி மடக்மடக்கென்று குடித்தேன். எங்கள் பக்கம் சாவுச் செய்தி கொண்டுபோகிறவன் அந்த வீட்டு வாசற்படியைத் தாண்ட மாட்டான், ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டான். வாசலில் நின்று சொல்லிவிட்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் திரும்பிவிடுவான். சவரம் செய்யாத முகம், தலையில் துண்டு, ஒற்றைச் சைக்கிள் என்று நான் அதே கோலத்தில்தான் இருந்திருக்கிறேன். அவர் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை.

புதுக்கோட்டையைத் தாண்டியதும் மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. செம்மண் பொட்டல், நடுநடுவே மொட்டைப் பாறைக் குன்றுகள். இரண்டு குன்றுகளுக்கு நடுவே சாலை நுழைகிற இடத்தில் காற்று மொத்தமாகச் சேர்ந்துகொண்டு அடித்தது. ஒருமுறை சைக்கிளோடு என்னைத் தூக்கிச் சரளையில் போட்டது. முழங்கால் கிழிந்தது. மண் கண்ணில், பல்லில், தொண்டையில். யாருமில்லாத வெளி என்பதால் காற்றை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டியதில் இருந்த கொஞ்சநஞ்ச எச்சிலும் வற்றியது. செவந்தியிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று மட்டும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். "ஆத்தா நல்லாருக்கு. ஒரு கார்டு வரும். அது பொய்." இதில் எதை முதலில் சொன்னாலும் பயமாகத்தான் இருந்தது.

குடுமியான்மலைக் குன்று தெரிந்த பிறகு தபால்காரர் குழந்தைசாமி பின்னாலிருந்து வந்து என்னைப் பிடித்தார். மத்தியானப் பஸ்ஸில் வந்த பை அவர் ஹேண்டில்பாரில் ஆடிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொல்லிக் கார்டைக் கேட்டேன். பைக்குள் கைவிட்டு எடுத்துப் பார்த்தார். என் கையெழுத்துதான்.

"நீங்க எழுதுனதாவே இருக்கட்டுமுங்க. பெட்டியில விழுந்தப்பறம் அது சர்க்கார் தபாலு. வெலாசத்துல உள்ளவங்க கையிலதான் குடுக்கணும்" என்றார். என் முழங்காலைப் பார்த்தார். "வேணும்னா ஒண்ணு செய்யிறேன். அங்கிட்டு மேலத் தெருவ முடிச்சுட்டு வாரேன். நீங்க முந்திப் போங்க."

முந்திப் போனேன். செவந்தி வாசலில் நெல் காயவைத்துக் காவல் இருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள் என்னைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள், தலைத் துண்டைப் பார்த்தாள். அந்த டீக்கடைக்காரர் பார்த்த அதே பார்வை.

"ஆத்தா!" என்று வீறிட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. குரல் இல்லை. கையை ஆட்டினேன், அது இன்னும் மோசமாகப் போயிற்று. அவள் மார்பில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கிவிட்டாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. சைக்கிளை அப்படியே நெல்லின் மேல் போட்டுவிட்டு, அவளைத் தாண்டி, வாசற்படியைத் தாண்டி வீட்டுக்குள் ஓடினேன். பானையில் சொம்பை முக்கி எடுத்து, அவள் கண் முன்னால் நின்று குடித்தேன். இன்னொரு சொம்பு குடித்தேன். மூன்றாவதும் குடித்தேன்.

ஓங்கிய கை மெல்ல இறங்கியது.

"அண்ணே, நீ தண்ணி குடிக்கிறே" என்றாள்.

"ஆத்தா இருக்கு. கஞ்சி குடிச்சுச்சு" என்றேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நடந்ததெல்லாம் கேட்டு, மூன்றாவது குடத்துக்கு வரும்போது அழுகையோடு சிரித்தாள். வயிற்றில் பிள்ளை புரண்டதைக் கைவைத்துப் பார்த்துக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் முழங்கால் வலிக்க ஆரம்பித்தது.

வெளியே சைக்கிள் மணி அடித்தது. செவந்தி தானே எழுந்து போய்க் கார்டை வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மூலை தெரியும்.

"இது எப்ப எழுதுனது?"

"நேத்துக் காலையில. எட்டு மணிக்கு முன்னாடி."

"நீ பொறப்பட்டது?"

"பத்து மணிக்கு."

அவள் கார்டின் மூலையை விரலால் தடவிப் பார்த்தாள். கார்டைவிட என் செய்தி இரண்டு மணி நேரம்தான் புதுசு என்பது ஐம்பது மைலும் எனக்குத் தோன்றவே இல்லை. அதற்கப்புறம் ஆத்தா எப்படி இருக்கிறாள் என்று எனக்கே தெரியாது.

கறுப்பு மூலைக் கார்டை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, வாசலிலேயே கிழித்துப் போட வேண்டும். செவந்தி கிழிக்கவில்லை. உள்ளேயும் கொண்டுவரவில்லை. எட்டி, கூரை ஓலையில் வெளிப்பக்கமாகச் செருகினாள். ஆடிக் காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குச் சோறு போட்டு எதிரில் உட்கார்ந்தவள், நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தப் பக்கம் திரும்பவில்லை.