விரல்செடி

அமெரிக்க எல்லையைத் தாண்டித் தெற்கே போகும்போது என் அம்மா ஒதிலியா ஜெபமாலையைக் கையில் எடுத்துவிடுவாள். மற்ற ஜனங்கள் வடக்கே திரும்பும்போதுதான் பயப்படுவார்கள். அங்கேதான் அதிகாரி டிக்கியைத் திறக்கச் சொல்வான், நாய் வந்து முகர்ந்து பார்க்கும். தெற்கே போகிறவர்களை யாரும் சீந்துவதே இல்லை. ஆனாலும் அம்மாவுக்கு அந்தப் பக்கம்தான் நடுக்கம். பின்சீட்டில் பீன்ஸ் சட்டிக்கு அடியில், ஈரத்துணியில் சுற்றி, அவள் தோட்டத்தில் ஒடித்த செடித் தண்டுகள் இருக்கும்.

“செடியெல்லாம் கொண்டுபோகக் கூடாதாம்டி. ரேடியோல சொன்னான்.”

“அப்போ கொண்டு வராதேம்மா.”

“கொண்டு வராம? உங்கண்ணன் வீடு கடல்ல போகட்டும்கிறியா?”

“கஞ்சா கடத்துறவன்கூட உன்னை மாதிரி வேர்த்துக் கொட்ட மாட்டான். முகத்தைத் துடை. பாக்கிறவன் சந்தேகப்படப் போறான்.”

பச்சை விளக்கு விழும். கார் நகரும். அம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, பெரிய கொள்ளையடித்துவிட்டு வந்தவள்போல் சிரிப்பாள். சனிக்கிழமைதோறும் இந்தக் கூத்துத்தான்.

என் அண்ணன் ரொஹேலியோவைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டுதான் அம்மா வடக்கே போனாள். நான் அங்கே பிறந்தவள், எனக்குக் குடியுரிமைக் காகிதம் உண்டு. என்னைக் காட்டி அம்மாவுக்கும் கிடைத்தது. அண்ணனுக்கு மட்டும் கிடைக்கவில்லை. ஒரு நாள் வேலைக்குப் போகிற வழியில், பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் அவன் காரை நிறுத்தி, காகிதம் இல்லை என்று பிடித்துப்போனது. கொஞ்ச நாளில் அவன் எல்லைக்குத் தெற்கே திஹுவானாவில் நின்றான், ஒரு நாய்க்குட்டியைக்கூடத் தெரியாத ஊரில். இனி வடக்கே கால் வைக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது ஒரு கால்சென்டரில் உட்கார்ந்து, அமெரிக்காக்காரர்களுக்கு அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் ஏன் குளிரவில்லை என்று நாள் முழுக்கச் சொல்கிறான். எங்கிருந்து பேசுகிறாய் என்று கேட்டால் சான் டியேகோ என்று சொல்ல வேண்டும், அதுதான் கம்பெனி உத்தரவு. “நெரே, நான் தினமும் சான் டியேகோ போயிட்டு வரேன், உனக்குத் தெரியாது,” என்பான் என்னிடம். அவன் ஜோக்குகள் எல்லாமே இப்படித்தான் இருக்கும். முதலில் சிரிப்பு வரும், பிறகு வலிக்கும்.

முதலில் நகரத்துக்குள் ஒரு அறையில் இருந்தான். அங்கே அம்மா வந்தால் ராத்திரி தங்க இடமில்லை. அதனால்தான் ரொசாரிட்டோ ஊருக்குத் தெற்கே, கடலைப் பார்த்த குன்றின் மேல், டான் ஃபெர்மின் என்பவருடைய நிலத்தில் இருந்த இந்த மரவீட்டை வாடகைக்குப் பிடித்தான். இரண்டு அறை, ஒரு சமையலறை. சனிக்கிழமை ராத்திரி அம்மாவும் மகனும் ஒரே கூரைக்கு அடியில் தூங்குவார்கள். உலகத்தில் அவர்கள் இரண்டு பேரும் அப்படித் தூங்க முடிகிற ஒரே இடம் அதுதான். நான் சோபாவில் கிடப்பேன், யாருக்கும் என் முதுகைப் பற்றி அக்கறை கிடையாது.

அவன் குடிவந்தபோது சமையலறைக் கதவுக்கும் குன்றின் விளிம்புக்கும் நடுவில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். ஒவ்வொரு குளிர்காலமும் கடல் கீழே இருந்து குடைந்து, மழை மேலே இருந்து கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பழைய டயர்களை அடுக்கிச் சுவர் கட்டினார்கள். டயர்கள் ஒரு புயலில் கடலுக்குப் போய், கரையில் வந்து பல்லிளித்தன. இப்போது கதவைத் திறந்தால் ஒரு மேஜை, நாலு நாற்காலி போடுகிற இடம்தான் மிச்சம். அதற்கு அப்பால் காற்று.

அப்போதுதான் அம்மாவுக்கு விரல்செடி யோசனை வந்தது. விரல் விரலாகத் தடித்த இலை, தரையோடு பாயாகப் படரும், ஊதாப் பூ பூக்கும். வடக்கே எங்கள் ஊரான சூலா விஸ்தாவில் பெரிய சாலைகளின் மேட்டுச் சரிவெல்லாம் அதுதான்.

“கவர்மென்ட்டே நட்டிருக்கு. மண்ணைப் பிடிக்காத செடியை எவனாவது அவ்ளோ மைலுக்கு நடுவானா?” என்றாள். எங்களில் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. நாங்கள் அந்தச் சரிவுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

இரண்டு வருஷத்தில் விளிம்பு முழுக்கப் பச்சையாகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் அம்மா பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு, வாளி வாளியாக ஊற்றுவாள். அங்கே குழாய்த் தண்ணீர் கிடையாது, லாரியில் வருகிற தண்ணீரை அண்ணன் பீப்பாயில் பிடித்து வைப்பான். அவன் குளியலைக்கூடக் குறைத்துக்கொண்டு செடிக்கு மிச்சம் பிடித்தான். “என்னைவிட இதுதான் சுத்தமா இருக்கு,” என்பான்.

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. நிலத்தின் வாசலிலேயே டான் ஃபெர்மினின் மனைவி கையைக் காட்டி நிறுத்த, அம்மா இறங்கி அவளோடு பேச ஆரம்பித்துவிட்டாள். நான் மட்டும் காரை வீட்டுக்கு ஓட்டிப்போனேன். அண்ணன் வாளியோடு விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தான். செடி சுருங்கி, வாடி, பழுப்பாகக் கிடந்தது. அதன் மேல் அவசர அவசரமாகத் தெளித்தான்.

“என்னண்ணா, இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு ஸ்கூலைக் கூட்டுற வாத்தியார் மாதிரி ஓடுறே?”

அவன் திடுக்கிட்டான். வாளியைக் கீழே வைத்தான். “அம்மா எங்கே?”

“வாசல்ல. ஏன் செடி இப்படிக் கிடக்கு?”

அவன் என்னை மேஜையருகே உட்காரச் சொன்னான்.

“ஆகஸ்ட்ல நகராட்சியில இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு, இந்த வரிசை வீடெல்லாம் பாக்க. செடியைப் பிடிச்சு ஒரு இழு இழுத்துச்சு. பாயைச் சுருட்டின மாதிரி வந்துடுச்சு, நெரே. வேர் ஒரு சாண்கூட இல்ல. மேல பூரா தண்ணியைக் குடிச்சு வீங்கிப்போய் ஒக்காந்திருக்கு. அந்த வெயிட்டும், நாம ஊத்துற தண்ணியும்தான் விளிம்பை இழுத்துட்டுப் போகுதாம். யார் நட்டதுன்னு கேட்டுச்சு.”

“நீ என்ன சொன்னே?”

“நான்தான்னேன்.”

“சரி, பிடுங்கிப் போடு.”

“பிடுங்கி, தண்ணியை நிறுத்தினா இன்னும் ஒண்ணு ரெண்டு குளிர்காலம் தாங்கலாம்னுச்சு. அதான் வாரம் பூரா ஒரு சொட்டு ஊத்துறதில்ல. சனிக்கிழமை மட்டும், அம்மா வர்றதுக்கு முன்னாடி.”

“சனிக்கிழமைதான் அவ பீப்பாயையே கவுத்துறாளே! சொல்லிடலாம்ண்ணா. அவ ஒண்ணும் குழந்தை இல்ல.”

“என்னன்னு சொல்லுவே? நீ நட்டதுதான் என் வீட்டைத் தள்ளுதுன்னா?” அவன் குரலை உயர்த்தவில்லை. “எனக்காக எத்தனை வக்கீல் வாசல்ல நின்னா, தெரியுமில்ல? ஒண்ணும் நடக்கல. அவளால எனக்குன்னு செய்ய முடியறது இது ஒண்ணுதான். இதையும் பிடுங்கச் சொல்றியா?”

எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. தலைக்கு மேல் கூரை போகப்போகிறது, இவன் அம்மாவின் முகம் வாடக் கூடாது என்று பார்க்கிறான். முட்டாள் என்று வாய்விட்டே சொன்னேன். அவன் ஆமாம் என்று தலையாட்டினான். அதற்குள் அம்மா மூச்சிரைக்க வந்துவிட்டாள். பீன்ஸ் சட்டியைக்கூட இறக்காமல் நேரே விளிம்புக்குப் போனாள்.

“ஐயோ, என் தங்கங்களா, இப்படி வாடிட்டீங்களே! ரொஹே, நீ ஊத்துறியா, இல்ல ஏமாத்துறியா?”

“வெயில் ஜாஸ்திம்மா.”

“வெயிலாம் வெயில். சோம்பேறி.” அவன் முதுகில் ஒரு அடி வைத்துவிட்டு, வாளியை எடுத்தாள். நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என்னைப் பார்த்தான். மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எல்லையில் கார்கள் ஊர்கிற வரிசையில் பேசுவதற்கு நேரம் கொட்டிக் கிடக்கும். கண்ணாடிக்கு வெளியே சர்க்கரையில் புரட்டிய சூரோ பலகாரம் விற்கிறவன், போர்வை விற்கிறவள், பிளாஸ்டர் மாதாவை மார்போடு அணைத்துக்கொண்டு நடக்கிறவன். அம்மா ஒரு சூரோ வாங்கி, பாதியை என்னிடம் நீட்டினாள்.

“அம்மா, அந்தச் செடி…”

“இரு, நான் ஒண்ணு சொல்றேன்,” என்றாள். அவள் நகங்களுக்குள் இன்னும் மண் இருந்தது. “நம்ம பக்கத்து வீட்டு கிளாதிஸ் இல்ல, தினமும் அவ மகனுக்குச் சட்டை தேச்சு மாட்டுறா. அலுத்துக்கிறா வேற. எனக்குப் பாக்கப் பாக்க வயிறு எரியுது. வாரம் பூரா என் கை சும்மா கிடக்குடி. சனிக்கிழமை அந்த மண்ணுல கை வெச்சாத்தான் அவனுக்கு நான் அம்மான்னே தோணுது.” சர்க்கரையை மடியிலிருந்து தட்டிவிட்டாள். “நீ என்னமோ சொல்ல வந்தியே?”

“ஒண்ணுமில்லம்மா. செடி நல்லா படர்ந்திருக்குன்னு.”

“பின்னே!” என்றாள் அம்மா.

ஜனவரியில் அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனது. சில வாரம் போக முடியவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அண்ணனுக்குப் போன் போட்டு, ஊற்றினாயா என்று கேட்பாள். ஊற்றினேன் என்பான். எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்பச் சந்தோஷம், இந்தக் குளிர்காலமாவது வீடு தப்பிக்கும் என்று. அவன் பாதிச் செடியைப் பிடுங்கியும் விட்டான், என்னிடம் மட்டும் சொன்னான்.

பிறகு மழை வந்தது, விட்டு விட்டுப் பெய்யாமல் ஒரேயடியாக. அண்ணன் வேலையில் இருந்தபோது டான் ஃபெர்மின் அவனைக் கூப்பிட்டார். அவன் என்னைக் கூப்பிட்டான். “நெரே, சமையலறை போயிடுச்சு,” என்றான், பக்கத்து சீட்டில் யாரோ ஃப்ரிட்ஜைப் பற்றிப் பேசுகிற சத்தத்துக்கு நடுவில்.

அம்மாவை வர வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கைத்தடியோடு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குப் பின்சீட்டில் செடி இல்லை, ஜெபமாலையும் எடுக்கவில்லை.

வீட்டின் முன்பாதி நின்றது. அறைக்கதவைத் திறந்தால் நேரே கடல். மேஜை எங்கே, நாற்காலி எங்கே என்று தெரியவில்லை. அடுப்பு மட்டும் கீழே பாறைகளுக்கு நடுவில் மல்லாந்து கிடந்தது. ஈர மண்ணோடு சரிந்த பச்சைப் பாய், அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நகராட்சிக்காரர்கள் சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அண்ணன் தன் சாமான்களை நாலு பெட்டியில் கட்டி வெளியே வைத்திருந்தான். மறுபடி திஹுவானாவில் ஒரு அறை, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மாவின் முழங்காலுக்கு அந்தப் படிகள் ஒத்துவராது. இனி சனிக்கிழமை என்றால் ஏதாவது டாக்கோ கடையில் சாப்பிட்டு, சாயங்காலமே பிரிய வேண்டியதுதான். மூன்று பேருக்கும் அது தெரியும்.

அம்மா தடியை ஊன்றிக்கொண்டு கீழேயே பார்த்தாள்.

“என்னாலதான்,” என்றாள்.

அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டதோ என்று நினைத்தேன். அண்ணன் முகம் வெளுத்தது.

“நான் வராம படுத்துக்கிட்டேன்ல. தண்ணியில்லாம காஞ்சு, வேர் பிடி விட்டுடுச்சு. முழங்கால் பெருசா போச்சு எனக்கு. எம்புள்ள வீட்டை விட்டுட்டேனே!”

அண்ணன் அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான்.

“இல்லம்மா. நான் ஊத்தினேன். ஒரு நாள் விடாம ஊத்தினேன். நான் குளிக்காம அதுக்கு ஊத்தினேன்மா.”

“நெசமாவா?”

“சத்தியமா.”

அவன் கன்னத்தை அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். “அப்போ நம்ம கையில எதுவும் இல்ல,” என்றாள். “நீ நல்லவன்டா, ரொஹே. வாயில்லாச் செடிக்குக்கூட ஊத்தியிருக்கே.” அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை, அவனைப் பிடித்துப்போன அன்றைக்குக்கூட.

அம்மா அழவில்லை. எல்லை வரிசையிலும் அழவில்லை. செடி, பழம் ஏதாவது இருக்கிறதா என்று அதிகாரி கேட்டபோது, “ஒண்ணும் இல்லைப்பா, எங்கிட்ட ஒண்ணும் இல்லை,” என்றாள். அவன் கையை அசைத்து அனுப்பிவிட்டான்.

சூலா விஸ்தாவுக்குள் நுழைகிற பெரிய சாலையில் வெயில் அடித்தது. மழை குடித்த சரிவுகள் இரண்டு பக்கமும் பளபளவென்று நின்றன, மேலிருந்து கீழ்வரை விரல்செடி, அங்கங்கே ஊதாப் பூ.

“மெதுவா போ,” என்றாள் அம்மா. மெதுவாகப் போனேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

“இந்தப் பக்கம் மட்டும் எப்படிடி பிடிச்சுக்கிட்டு நிக்குது?”

“மண்ணு வேறம்மா.”

“அரை மணி நேரத் தூரத்துல மண்ணு மாறிடுமா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, வீடு வரும்வரை அழுதாள்.