டயல் அவர் பக்கம் இருந்தது

பந்தயத்தில் நான்தான் ஜெயித்தேன். அரூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கப் போனால்கூட, "என்னாங்க சசி, கப்ப எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். சிரித்து வைக்கிறேன். கப்பு எங்கேயோ கிடக்கிறது. அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

நானும் என் வீட்டுக்காரர் மாதவராஜும் திருவண்ணாமலை ரோட்டில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறோம். கியர்பாக்ஸும் வயரிங்கும் அவர் வேலை, இஞ்சின் என் வேலை. ஒரு பழைய காரை வாங்கி டிராக் ரேஸுக்கென்றே மாற்றி வைத்திருந்தோம். டிராக் ரேஸில் வளைவு நெளிவு எதுவும் கிடையாது. நேரான ரோட்டில் இரண்டு வண்டிகள் நிற்கும். பச்சை விளக்கு விழுந்ததும் கால் மைல் பறக்க வேண்டும், அவ்வளவுதான். ஓட்டுவது நான். அதே பிரிவில் என் கொழுந்தன் அருள்குமாரும் சேலத்துக்காரர் ஒருவரின் வண்டியை ஓட்டுகிறான்.

இந்த மாதிரி இஞ்சினில் உயிர் இருப்பது கனெக்டிங் ராடு போல்ட்டில். பிஸ்டனைக் கிராங்கோடு சேர்த்துப் பிடித்திருக்கிற ராடுக்கு இரண்டு போல்ட், நான்கு ராடுக்கு எட்டு. முறுக்க முறுக்க போல்ட் ஒரு மயிரிழை நீளும். அந்த இழுப்புதான் பிடிமானம். குறைவாக முறுக்கினால் நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுற்றில் கழன்று ராடு இஞ்சினைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். அதிகமாக முறுக்கினால் போல்ட்டே செத்துப் போகும். கை பலத்தை நம்பி முறுக்குகிற வேலை இல்லை இது. எண்ணெய் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கை ஏமாந்துவிடும். அதனால் போல்ட்டின் இரண்டு முனையையும் கவ்வுகிற மாதிரி ஒரு டயலை மாட்டி, எவ்வளவு நீண்டிருக்கிறது என்று முள்ளைப் பார்ப்போம். எங்கள் போல்ட்டுக்கு ஆறு கோடு.

இரண்டு கையாலும் ஸ்பேனரை இழுக்க வேண்டியிருப்பதால் நான் முறுக்குவேன், அவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து டயலைப் பிடித்துப் படிப்பார். அந்த நேரத்தில் ரேடியோ கிடையாது, போன் கிடையாது, கஸ்டமர் வந்தால்கூட வாசலில் நிற்க வேண்டியதுதான். எண்ணைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வரக் கூடாது. கல்யாணமான புதிதில் நாங்களே போட்டுக்கொண்ட சட்டம் அது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முறுக்கினோம். முதல் இரண்டு ராடும் வழக்கம்போல முடிந்தது. மூன்றாவதில் நட் லேசாகப் போனது போல எனக்குப் பட்டது. தோளில் பாரமே ஏறவில்லை, அதற்குள் "ஆறு" என்றார்.

"ஆறா?" என்றேன்.

"ஆறு சசி."

எண்ணெய் கூடுதலாகப் பூசிவிட்டேன் போல என்று நினைத்துக்கொண்டேன். நாலாவதையும் முடித்து, இஞ்சினின் அடித்தட்டை மூடிவிட்டு எழுந்தோம்.

சாயந்திரம் அருள்குமார் போன் பண்ணினான். "அண்ணி, ஞாயித்துக்கெழம ரொம்ப மிதிக்காதீங்க."

"ஏன்டா, தோத்துடுவன்னு இப்பவே நடுங்குதா?"

எப்போதும் பதிலுக்குப் பதில் வாயடிக்கிறவன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "இல்லீங்கண்ணி. ஆறாயிரத்துக்கு மேல போவாதீங்க. அவ்ளோதான் சொல்வன்" என்று வைத்துவிட்டான்.

எதிர் வண்டிக்காரனுக்கு என் இஞ்சின் சுற்றைப் பற்றி என்ன கவலை? மறுநாள் காலையில் அவர் டயர் வாங்கப் போனதும் அடித்தட்டைக் கழற்றினேன். முறுக்கிய போல்ட்டில் டயலை மாட்டி முள்ளைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு நட்டைத் தளர்த்தினால், எவ்வளவு நீண்டிருந்ததோ அவ்வளவு முள் பின்னால் வரும். நிதானமாகச் செய்தால் தனியாளாகவே பார்க்கலாம். முதல் ராடில் முள் ஆறு வந்தது. இரண்டாவதிலும் நாலாவதிலும் அதே ஆறு. மூன்றாவதில் ஒரு போல்ட் மூன்று கோட்டில் நின்றது, இன்னொன்று அதுகூட வரவில்லை.

ஐயோ, அந்த நேரத்தில்கூட என் புத்தி டயல் கெட்டுப் போயிருக்கும் என்றுதான் சொன்னது. மறுபடியும் முதல் ராடில் முறுக்கி மாட்டிப் பார்த்தேன். டயலுக்கு ஒரு கேடும் இல்லை.

அவர் டயர்களோடு வந்து இறங்கியதும் கேட்டேன். "மூணாவது ராடுக்கு நேத்து எவ்ளோ சொன்னீங்க?"

"ஆறு."

"இன்னொரு தபா சொல்லுங்க."

இஞ்சின் திறந்து கிடப்பதைப் பார்த்தார். கையிலிருந்த டயரைக் கீழே போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"அம்மாதான் சசி... தம்பிக்குப் பேசி வெச்சிருக்கிற பாலக்கோட்டுப் பொண்ணு வூட்டுக்காரங்க அத்தன பேரும் பந்தயம் பாக்க வர்றாங்களாம். அவங்க முன்னால அண்ணிகிட்ட தோத்தா அவன் மொகத்த எங்க வெச்சிக்குவான்னு ஒரே அழுவ."

"நான் தோக்கணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டா ஒத்துக்குவியா?"

"மாட்டன்."

"அதான்."

அதானாம்! "ஒரு பிளக் ஒயர உருவி வுட்டிருக்கலாம். டாங்க்ல தண்ணி ஊத்தியிருக்கலாம். வண்டி நின்னிருக்கும், நான் உங்களத் திட்டிட்டு வூட்டுக்கு வந்திருப்பன். ஏங்க இதுல கை வெச்சீங்க?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மத்ததெல்லாம் நீ கண்டுபுடிச்சிடுவ."

அந்த ஒரு வாக்கியத்தில் நான் முடிந்து போனேன். வண்டியில் எல்லாவற்றையும் நான் இரண்டாம் தடவை பார்ப்பேன். பார்க்காத ஒரே இடம் அவர் வாயிலிருந்து வருகிற அந்த எண்தான். வீடு முழுக்கத் தேடி, பூட்டாத ஒரே கதவாகப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

"மாரண்டஹள்ளி வெங்கடாசலம் வண்டில போன வருசம் என்ன போச்சு?" என்றேன்.

உட்கார்ந்திருந்த டயரின் ஓரத்தை விரலால் சுரண்டினார்.

"ராடு போல்ட்டுதான போச்சு? எண்ணெ டயருக்கடியில கொட்டி வண்டி பொரண்டுச்சே, அந்த ஆள உள்ளயிருந்து இழுத்தது யாரு? நீங்கதான? இப்ப அவரு எப்படி நடக்கறாருன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"சத்தம் மாறுனதும் நீ நிறுத்திடுவன்னு நெனச்சன் சசி. சத்தியமா."

"பச்ச வுழுந்தப்பறம் நான் எப்படா நிறுத்தியிருக்கன்?"

கல்யாணமானதிலிருந்து அவரை 'டா' போட்டுப் பேசியதில்லை. அன்றைக்கு வந்துவிட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை, அதுவே எனக்குப் புதிதாக இருந்தது.

எட்டு போல்ட்டையும் நான் ஒருத்தியே மறுபடி முறுக்கினேன். கொஞ்சம் இழுத்து, ஸ்பேனரை வைத்துவிட்டு, சுற்றிப் போய் முள்ளைப் பார்த்து, திரும்பி வந்து இழுத்து, மறுபடியும் போய்ப் பார்த்து. "நான் புடிக்கட்டா?" என்று ஒரு தடவை கேட்டார். "வேணாங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓசூர்ப் பக்கம் பந்தயம். மாமியார் காசியம்மாள் பாலக்கோட்டுச் சம்பந்திகளோடு குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கன்னத்தை வழித்து, "பாத்து ஓட்டு கண்ணு" என்றாள். எப்படித்தான் அந்த வார்த்தை வாய் கூசாமல் வந்ததோ! அருள்குமார் தூரத்தில் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான், என் பக்கம் திரும்பவேயில்லை.

வண்டியைக் கோட்டில் நிறுத்தினேன். பந்தய பெல்ட்டின் தோள்பட்டையை நாமே இறுக்கிக்கொள்ள முடியாது, வெளியிலிருந்து ஒருவர் இழுத்து மாட்ட வேண்டும். நான் கூப்பிடுவதற்குள் அவரே வந்து குனிந்து மாட்டினார். இழுத்துப் பார்த்தார். "சரியா இருக்கு சசி" என்றார்.

நான் கண்ணாடிப் பக்கம் தலையைத் திருப்பி, கோட்டில் நின்ற பந்தய ஆபீசரம்மாவைக் கூப்பிட்டேன். "மேடம், இந்தப் பெல்ட்ட ஒரு தடவ செக் பண்ணுங்க."

அந்த அம்மா எங்கள் இருவரையும் பார்த்தாள். "உங்க வூட்டுக்காரர்தான மாட்டுனாரு?"

"ஆமாங்க" என்றேன். "அதனாலதான் பாக்கச் சொல்றன்."

அவர் காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். விழுந்தது.