நீக்கிலாஸ் கொழுவின வயர்

"உதைப் போய்க் கடையில வாங்குறதோ? விடடா, நான் செய்து தாறன்" எண்டு வாயைக் குடுத்தது நீக்கிலாஸ்தான். ஆரும் அவரைக் கேக்கேல்லை.

ரொறொன்ரோவில, டோர்செட் பார்க் அப்பாட்மென்ரில அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரன் அலெக்ஸாண்டர். போன மாசம் செத்துப்போன தன்ர மனிசி ஏஞ்சலாவின்ர முப்பத்தோராம் நாளுக்கு ஒரு மரச்சிலுவை செய்து, அதில அவளின்ர பேரை லேசரால எரிச்சு எழுத ஆசைப்பட்டான். லேசர் கதிர் விடுற டயோட் எண்ட சின்னச் சாமானை ஒன்லைனில எடுப்பிச்சிட்டான். அதுக்கு அளவாக் கரண்ட் விடுற சேர்க்கிட்டைத்தான் நீக்கிலாஸ் தன்ர தலையில தூக்கிப் போட்டுக்கொண்டார்.

சேர்க்கிட் பிழையில்லை. மனுசன் கெட்டிக்காரன்தான். ஆனால் டயோட்டைக் கொழுவிப்போட்டெல்லோ சுவிட்சைப் போடவேணும்! அவசரக்குடுக்கை, சுவிட்சைப் போட்டிட்டு வயரைக் கொழுவினார். சேர்க்கிட்டில தேங்கி நிண்ட கரண்ட் ஒரேயடியாப் பாய்ஞ்சுது. டயோட் ஒருக்கா மினுங்கி எரிஞ்சு போச்சுது, அவ்வளவுதான்.

"என்னண்ணை?" எண்டான் பக்கத்தில நிண்ட அலெக்ஸாண்டர்.

"மலிவுச் சாமான் வாங்கினா உப்பிடித்தான்."

சொல்லி வாய் மூடமுந்தி, பிழை தன்னிலதான் எண்டு நீக்கிலாசுக்கு உறைச்சுது. அவனோ, "உங்களையும் மினக்கெடுத்திப்போட்டன் அண்ணை, குறை நினையாதேங்கோ" எண்டான். சீ எண்டு போச்சுது அவருக்கு.

முப்பத்தோராம் நாள் வீடு நிறையச் சனம். சிலுவையில பேர் கறுப்புப் பெயின்ரில கோணல்மாணலாக் கிடந்துது. ஏஞ்சலாவின்ர தமக்கை பேர்ணடெற் அதைப் பாத்தா. "லேசரில எழுதுறன் எண்டெல்லோ சொன்னீர்?"

"மலிவா வாங்கிப்போட்டன் மச்சாள். எரிஞ்சு போச்சு."

"என்ர தங்கச்சிக்குக் கடைசியிலயும் மலிவுதானோ?"

அலெக்ஸாண்டர் தலையைக் குனிஞ்சான். நீக்கிலாஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரோல்சைத் தட்டில வைச்சார். பேசாமல் இருந்தால் ஒருத்தருக்கும் தெரியாது. அப்பிடி நினைச்சதே அவருக்கு அருவருப்பா இருந்துது. எழும்பினார்.

"பேர்ணடெற், டயோட் நல்லது. நான்தான் பிழையாக் கொழுவி எரிச்சனான். பழியை அவன்ர தலையில போட்டிட்டன்."

சனமெல்லாம் அவரைத் திரும்பிப் பாத்துது. அலெக்ஸாண்டர் ஏசுவான், அடிப்பான் எண்டு நீக்கிலாஸ் காத்துக்கொண்டு நிண்டார். அடிச்சால் நல்லாயிருக்கும் போலயும் இருந்துது.

அவன் கிட்ட வந்து அவற்ர கையைப் பிடிச்சான். "உண்மையோ அண்ணை? அப்ப நான் அவளுக்கு நல்லதுதான் வாங்கினனானோ?" எண்டு கேட்டுக் குழறி அழுதான்.

"ஓமடா" எண்டார் நீக்கிலாஸ். அவன்ர முகத்தைப் பாக்க அவரால ஏலேல்லை.